கிருமிக்குப் பெயர் வைத்தவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு உள்ள தொல்லைகளில் பெரிய தொல்லை எது என்று என்னைக் கேட்டால், பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கதைக் கரு எப்படியாவது கிடைத்துவிடும். சம்பவங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தாமே வந்து சேரும். ஆனால் கதாநாயகியின் அத்தைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் மூன்று நாள் தூக்கம் போய்விடும். ஒரு தடவை தொடர்கதையில் வந்த வட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு ஏகாம்பரம் என்று பெயர் வைத்துவிட்டேன். இரண்டாம் வாரமே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் ஏகாம்பரம், தொழில், வட்டிக்கடை. "ஐயா, என்னைத் தங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார். அன்று முதல் கெட்டவர்களுக்குப் பெயர் வைப்பதென்றால் எனக்குக் கை நடுங்குகிறது.

நான் படைக்கும் கெட்டவனுக்கு நானே பெயர் வைக்கிறேன். பழியும் என்னோடு போகிறது. முகம் தெரியாத ஒருவன் படைத்து, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குள் விட்டுவிட்டுப் போன ஒன்றுக்கு யார் பெயர் வைப்பது? கம்ப்யூட்டர் வைரஸ்களின் ஆரம்ப காலத்து வரலாற்றைப் படித்தபோது இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். கணக்கும் எனக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த வழக்கு ஒன்று உண்டு.

1998-ம் வருஷம். எனக்கு இருபது வயது. முதல் நாவலைக் கையால் எழுதி, மதுரையில் ஒரு சந்துக்குள் இருந்த டி.டி.பி. கடையில் கொடுத்து அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்த அத்தியாயங்களைப் பிளாப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? ஒரு நாள் பிளாப்பியைச் செருகினால் மூன்று அத்தியாயங்கள் இல்லை. கடைப் பையன் திரையை உற்றுப் பார்த்தான். வைத்தியர் நாடி பார்ப்பது போல இரண்டு மூன்று விசைகளைத் தட்டினான்.

"மைக்கேல் ஏஞ்சலோண்ணே. ரொம்பக் கொடிய வைரஸ். ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன். பெயரைக் கேட்டதும் என் துக்கம் பாதி குறைந்துவிட்டது. என் அத்தியாயங்களைத் தின்றது ஏதோ ஒரு கழுதை அல்ல, மைக்கேல் ஏஞ்சலோ! நாவல் வெளிவந்தபோது முன்னுரையிலேயே இதைப் பெருமையாக எழுதிவிட்டேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். முதலில் 'வைரஸ்' என்ற பொதுப் பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் நம் ஜாதிக்காரர்கள், அதாவது நாவலாசிரியர்கள், விஞ்ஞானிகளை முந்திக்கொண்டார்கள் என்பதில் எனக்குச் சற்றுக் கர்வம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஜெரால்டு, 1972-ல் வந்த 'வென் ஹார்லி வாஸ் ஒன்' என்ற நாவலில், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் புரோகிராம் ஒன்றுக்கு வைரஸ் என்று பெயர் கொடுத்திருந்தார். 1975-ல் ஆங்கில நாவலாசிரியர் ஜான் பிரன்னர் அதே மாதிரி ஒன்றை நாடாப்புழு என்று அழைத்தார். கம்ப்யூட்டர்க்காரர்கள் 'புழு' என்ற சொல்லை அவரிடமிருந்துதான் கடன் வாங்கினார்கள்.

1983 நவம்பரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு மற்றப் புரோகிராம்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரோகிராமை எழுதிக் காட்டினார். ஐந்து தடவை சோதனை நடந்தது. ஐந்து தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் முழு யந்திரமும் அதன் கையில் வந்துவிட்டது. அதிகாரிகள் பயந்துபோய், மேற்கொண்டு சோதனை செய்யக் கூடாது என்று தடை போட்டார்கள். இதற்கு வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் ஆடில்மன்.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. 1982-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளிக்கூடப் பையன், நண்பர்களைச் சீண்டுவதற்காக ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'எல்க் குளோனர்' என்ற ஒன்றை எழுதி விட்டிருந்தான். ஐம்பதாவது தடவை யந்திரத்தைப் போடும்போது திரையில் ஒரு குறும்புப் பாட்டு வரும். அவ்வளவுதான். அதை என்னவென்று சொல்வது என்று அப்போது அவனுக்கும் தெரியாது, பாட்டைப் பார்த்தவர்களுக்கும் தெரியாது.

அந்தக் காலத்துப் பிளாப்பியை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்தேகால் அங்குலச் சதுர உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு. 360 கிலோபைட் பிடிக்கும். இன்று செல்போனில் எடுக்கும் படம் ஒன்று அதில் அடங்காது. பிளாப்பியைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டால், அது முதலில் தகட்டின் முதல் அறையைப் படிக்கும். அங்கே எழுதியிருக்கிறபடி நடக்கும். பழைய வீடுகளில் உள்ளே போகிறவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மாதிரி. வைரஸ் எழுதியவர்களில் ஒரு சாரார் அந்தத் திண்ணையில் தங்கள் ஆளைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இன்னொரு சாரார் திண்ணைக்கு வராமல், புரோகிராம்களின் வாலில் தொங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த யந்திரத்தில் அடுத்த பிளாப்பியைச் செருகினால் அதற்கும் தொற்றும். ரயிலிலும் விமானத்திலும் மனிதர்கள் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போன வேகத்தில்தான் அது பரவியது. ஆனாலும் இரண்டு வருஷத்தில் உலகத்தைச் சுற்றிவிட்டது.

ஐ.பி.எம். பி.சி. வகைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த முதல் வைரஸ், பெயர் வைக்கும் சிரமத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. தானே பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற அண்ணன் தம்பிகள், பாரூக் ஆல்வி குடும்பத்தார், எழுதியது அது. அவர்கள் நடத்திய கம்ப்யூட்டர் கடையின் பெயர் 'பிரெயின்'. தங்களுடைய மருத்துவப் புரோகிராமைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்று பின்னால் சொன்னார்கள். எவ்வளவு வெள்ளை மனம் பாருங்கள்! வைரஸின் வயிற்றுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி, தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகவும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன மாதிரி. பிளாப்பியின் தலைப்பிலும் 'பிரெயின்' என்ற பெயரையே பதித்துவிடும். இதில் ஒரு சாமர்த்தியம் என்னவென்றால், யாராவது முதல் அறையைப் படித்துப் பார்க்க முயன்றால், ஒளித்து வைத்திருக்கும் பழைய, நல்ல அறையை எடுத்துக் காட்டும். 'திண்ணையில் எப்போதும் இருக்கும் தாத்தாதான் இருக்கிறார்' என்று பார்த்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

1987-ல் அது அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தலைகாட்டியது. 1988-ல் பிராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் நிருபர் ஒருவரின் பிளாப்பி, அதில் இருந்த பல மாதக் குறிப்புகளோடு போயிற்று. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு என் மூன்று அத்தியாயங்கள் ஞாபகம் வந்தன. அமெரிக்கர்கள் அதைப் பிரெயின் என்று மட்டும் சொல்லவில்லை. 'பாகிஸ்தானி' என்றும் 'லாகூர்' என்றும் சொன்னார்கள். இரண்டு கடைக்காரர்கள் செய்த காரியத்துக்கு ஒரு நகரமும் ஒரு தேசமும் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது. எங்கே கண்டார்களோ அந்த ஊரின் பெயரை வைப்பது சுலபமான வழி. ரோஜாச் செடிக்கும் மாம்பழத்துக்கும் அப்படி வைத்தால் ஊருக்குப் பெருமை. நோய்க்கு வைத்தால்?

ஒரே ஒரு இடத்தில் அந்த வழக்கம் பொருத்தமாக அமைந்தது. 1987 நவம்பரில் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் ஒரு வைரஸ் கிடைத்தது. நான்கு பிரதி எடுத்து முடித்ததும் தகட்டையே அழித்துவிடும் அவசரக்காரக் கிருமி அது. தொற்றிய ஆளை அவ்வளவு சீக்கிரம் கொன்றால் நோய் ஊர் தாண்டுமா? காம்பவுண்டுக்குள்ளேயே செத்துப்போயிற்று. லீஹை என்ற பெயர் அதற்குத் தகும்.

மற்றவை அப்படி அல்ல. அதே 1987-ன் கடைசியில் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடித்ததே ஒரு வேடிக்கை. அது புரோகிராம்களின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. ஒட்டினால் 1813 பைட் எடை கூடும். பைட் என்றால் ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கிறோமா என்று பார்த்துவிட்டு ஒட்டும்படிதான் எழுதியிருந்தான். ஆனால் ஒரு வகைப் புரோகிராம்கள் விஷயத்தில் அந்தச் சோதனை வேலை செய்யவில்லை. ஓடும்போதெல்லாம் மறுபடி மறுபடி ஒட்டிக்கொண்டே போயிற்று. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டோம் என்பதையே மறந்து அடுத்த பந்தியிலும் உட்காருகிறவர் மாதிரி. புரோகிராம் பெருத்துப் பெருத்து, கடைசியில் யந்திரத்தின் ஞாபகசக்திக்குள் நுழைய முடியாமல் போயிற்று. என்னடா இது என்று திறந்து பார்த்தார்கள். எழுதியவன் சற்றுக் கவனமாக எழுதியிருந்தால் இன்னும் எத்தனை நாள் மறைந்திருக்குமோ!

உள்ளே இருந்த கட்டளை பயங்கரமானது. வெள்ளிக்கிழமையும் 13-ம் தேதியும் சேர்ந்து வரும் நாளில், எந்தப் புரோகிராமை ஓட்டினாலும் அதை அழித்துவிடு. 1987-ம் வருஷத்துக்கு மட்டும் விலக்கு.

இதற்கு எத்தனை பெயர் தெரியுமா? ஜெருசலேம் என்றார்கள், இஸ்ரேலி என்றார்கள், நீளத்தைக் கொண்டு 1813 என்றார்கள், வெள்ளிக்கிழமை 13 என்றார்கள். இவையெல்லாம் போகட்டும். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயரால் 'பி.எல்.ஓ. வைரஸ்' என்றும் ஒரு பெயர் கிளம்பியது. காரணம், அது முதன்முதலில் விழிக்க வேண்டிய நாள் 1988 மே 13. இஸ்ரேல் தேசம் பிரகடனமானது 1948 மே 14. நாற்பது வருஷம் நிறைவதற்கு முந்தின நாள்! சதி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு பழைய காலண்டரை எடுத்துப் பார்த்தால் இந்தச் சாட்சி சரிந்துவிடுகிறது. 1988-ம் வருஷத்தில் 13-ம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது ஒரே ஒரு மாதத்தில்தான். அது மே மாதம். அடுத்த வருஷத்திலிருந்து வெள்ளிக்கிழமை பதின்மூன்றுகளில் விழித்துக்கொள் என்று யார் எழுதியிருந்தாலும் முதல் விடியல் அந்த நாளில்தான் விழுந்திருக்கும். இதை எழுதியவன் யாரென்று ருசுவாகவில்லை. ஆனால் பெயர் தீர்ப்பு சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் குற்றவாளி ஆஜராகாமலே ஒரு ஜனத்தொகை முழுவதையும் கூண்டில் ஏற்றிய பெயர் அது. என் ஏகாம்பரத்தின் கடிதம் எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது.

துப்பறியும் கதைப் பிரியர்களுக்காக இன்னொரு விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1988-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பிளாப்பியின் திண்ணையில் உட்காரும் வைரஸ் ஒன்று அகப்பட்டது. வழக்கப்படி 'ஒஹையோ' என்று பெயர் வைத்து ஜாபிதாவில் ஏற்றினார்கள். அதே காலத்தில் இன்னொரு வைரஸ் உலாவிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை மறுபடி கிளப்ப மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், திரையில் 'டென் ஸுக்' என்ற சொல் பெரிதாக வந்து போகும். இதை 'வெனிசுவேலா' வைரஸ் என்றும், 'தேடல்' வைரஸ் என்றும் அழைத்தார்கள். இதற்கு ஒரு விசித்திர சுபாவம். லாகூர்ப் பிரெயின் குடியிருக்கும் பிளாப்பியைக் கண்டால், அதை அடித்துத் துரத்திவிட்டுத் தான் குடியேறும். தலைப்பில் பிரெயின் பெயரை எடுத்துவிட்டு ஆறு எழுத்துகளைப் பதிக்கும். அதே மாதிரி ஒஹையோவைக் கண்டாலும் விரட்டிவிடும். ஒரு திருடன் இன்னொரு திருடனைத் துரத்துவதைப் பார்த்து ஜனங்கள் முதலில் சந்தோஷப்பட்டிருக்கக்கூடும். ஆனால் அது தன்னை மறைத்துக்கொள்ளத் தகட்டின் ஓரத்தில் கூடுதலாக ஒரு தடம் போடும். சாதாரணப் பிளாப்பிக்கு அதனால் தீங்கில்லை. அதிகம் பிடிக்கும் புது ரகப் பிளாப்பிகளில் இருந்த சரக்கு கெட்டுப்போகும்.

ஐஸ்லாந்து தேசத்தில் பிரிட்ரிக் ஸ்கூலசன் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்துகொண்டு உலகத்து வைரஸ்களையெல்லாம் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தவர். அந்த ஆறு எழுத்துகள் அவர் கண்ணை உறுத்தின. 'ஒய்.சி.' என்று ஆரம்பித்து நடுவில் ஓர் எண்ணோடு வருகிறதே, இது அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆகாயத்தில் தங்களை அறிவித்துக்கொள்ளும் அழைப்புக் குறி மாதிரி அல்லவா இருக்கிறது? அந்தக் குறிகளின் முதல் எழுத்துகள் தேசத்துக்குத் தேசம் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டவை. ஒய்.சி. என்றால் இந்தோனேசியா. பிடி கிடைத்துவிட்டது! வெனிசுவேலாவும் இல்லை, ஒஹையோவும் இல்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை; அந்தக் கை ஜாவாத் தீவில் பாண்டுங் நகரத்தில் இருந்தது. ஒஹையோ என்பது முதல் பிரதி. டென் ஸுக் என்பது திருத்திய பதிப்பு. புதுப் பதிப்பு பழையதை எடுத்துவிட்டு உட்கார்ந்ததில் ஆச்சரியம் என்ன? நாங்களும் அதைத்தானே செய்கிறோம்.

டென் ஸுக் என்பதற்கு எந்த பாஷையில் என்ன அர்த்தம் என்று பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1978-ல் வந்த 'கிரீஸ்' என்ற அமெரிக்கப் பாட்டுப் படத்தில் ஜான் டிராவோல்டா நடித்த பாத்திரத்தின் பெயர் டேனி ஸூக்கோ. அதுதான் சுருங்கி டென் ஸுக் ஆயிற்று. ஒரு சினிமா ரசிகனின் புனைபெயர்! ஒஹையோ மாகாணத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம், அங்கே யாரோ ஒருவர் ஒரு பிளாப்பியைக் கையில் கொண்டுபோனார் என்பது மட்டுந்தான்.

ஊர்ப் பெயர் இப்படிக் காலை வாரிவிட்டதென்றால், கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயர் வைக்கலாமே என்று சிலர் நினைத்தார்கள். 'பிங் பாங்' என்ற வைரஸ் திரையில் ஒரு சிறு பந்தைத் துள்ள விட்டது. அதைத் துள்ளும் பந்து என்றார்கள். இத்தாலியில் கண்டதால் இத்தாலியன் என்றும், டூரின் என்றும் அழைத்தார்கள். நியூசிலாந்துக்காரன் எழுதிய 'ஸ்டோன்ட்', எட்டில் ஒரு தடவை, உன் கம்ப்யூட்டர் கஞ்சா மயக்கத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும். பெயருக்குப் பஞ்சமே இல்லை.

இந்த ரகத்தில் எனக்குப் பிடித்தது 'காஸ்கேட்', அதாவது அருவி. திரையில் இருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடி நழுவிக் கீழே விழுந்து அடியில் குவியும். இது 1988-ல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் நடக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஜெர்மானியர்கள் அதற்கு 'இலையுதிர்காலச் சருகு' என்று பெயர் வைத்தார்கள். அழிவுக்கு இவ்வளவு அழகான பெயரா என்று ஒரு கணம் பொறாமைப்பட்டேன். ஐ.பி.எம். நிறுவனத்தின் யந்திரங்களைத் தொடாதே என்றும் அதில் கட்டளை இருந்தது. ஆனால் எழுதியவன் செய்த பிழையால் அந்தக் கட்டளை பலிக்கவில்லை. பெல்ஜியத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த ஆபீசிலேயே எழுத்துகள் உதிர்ந்தன. பிறகுதான் அவர்கள் விழித்துக்கொண்டு வைரஸ் வைத்தியத்தில் தீவிரமாக இறங்கினார்கள்.

காஸ்கேடில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று 1701 பைட், மற்றொன்று 1704. நீளத்தை வைத்து அவற்றை எண்களாலேயே அழைத்தார்கள். மூன்று பைட் வித்தியாசம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. வைரஸை வெட்டி எடுத்துப் புரோகிராமைப் பழையபடி ஆக்குவது ஒரு ரண சிகிச்சை. 1701 இருக்கும் இடத்தில் 1704-ஐ வெட்டினால் நோயாளியின் சொந்தச் சதை மூன்று பைட் சேர்ந்து போய்விடும், புரோகிராம் பிழைக்காது. ஒருவர் 'இஸ்ரேலி' என்று சொன்னதையே இன்னொருவர் '1813' என்கிறார்; மூன்றாமவர் அதில் சற்று மாறிய வேறொன்றையும் 'இஸ்ரேலி' என்கிறார். மருந்துச் சீசாவில் ஒட்டிய சீட்டு தப்பாக இருந்தால் டாக்டர் என்ன செய்வார்? பெயர் என்பது இங்கே அலங்காரம் அல்ல. உயிர் நிலையாக இருந்தது.

வைத்தியர்கள் வைரஸை அடையாளம் கண்ட முறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பிரித்து, வேறு எந்தப் புரோகிராமிலும் வராத ஒரு சிறு துண்டைத் தேடி எடுப்பார்கள். பழைய சர்ட்டிபிகேட்டுகளில் அங்க அடையாளம் என்று போடுவார்களே, 'வலது தோளில் மச்சம்' என்று, அது மாதிரி. தேடும் புரோகிராம் தகடு முழுவதும் அந்த மச்சத்தைத் தேடிக்கொண்டு போகும். காஸ்கேட் இதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தது. தன் உடம்பில் பெரும் பகுதியைச் சங்கேத எழுத்தாக மாற்றி, பிரதிக்குப் பிரதி வேறு கோலம் போட்டுக்கொண்டது. சங்கேதத்தைப் பிரிக்கும் சின்னத் தலைப் பகுதி மட்டுமே மாறாமல் இருந்தது. மச்சத்தை அங்கேதான் தேட வேண்டியிருந்தது.

கடைசியில் 1991-ல் மூன்று பேர் உட்கார்ந்து பேசி ஒரு சட்டம் போட்டார்கள். ஐஸ்லாந்து ஸ்கூலசன், இங்கிலாந்தின் ஆலன் சாலமன், பல்கேரியாவின் வெசெலின் போன்ச்செவ். முந்தின வருஷம் ஆரம்பமான 'கேரோ' என்ற ஆராய்ச்சியாளர் குழுவைச் சேர்ந்தவர்கள் இவர்கள். இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு ஏதோ கதாசிரியர் சங்கத்துத் தீர்மானம் படிப்பது போலவே இருந்தது. உயிரோடிருக்கும் ஆள் பெயரை வைக்கக் கூடாது. அவர்தான் எழுதினார் என்று ருசுவானாலொழிய. கம்பெனிப் பெயர் கூடாது. ஆபாசமான, புண்படுத்தும் பெயர் கூடாது. கண்டெடுத்த ஊரின் பெயர் கூடாது. ஒரே வைரஸ் ஒரே சமயத்தில் பல ஊர்களில் கிடைக்கலாமே! குடும்பப் பெயராக வெறும் நீளத்தைப் போடக் கூடாது. ஒரே குடும்பத்தில் குட்டையும் நெட்டையும் இருக்கும். யாரோ ஒரு பெயரைச் சொல்லி ஒரு மாதிரியை அனுப்பினார் என்பதற்காக அதுதான் பெயர் என்று நம்பிவிடக் கூடாது.

பெயரின் அமைப்பும் நமக்குப் பழக்கமானதுதான். முதலில் குடும்பம், பிறகு கிளை, பிறகு ரகம், கடைசியில் உட்பிரிவு, நடுவே புள்ளிகள். நாம் ஊர்ப் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் இனிஷியல் போட்டுக்கொள்கிறோம் அல்லவா, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஆனால் சட்டம் வருவதற்குள் ஊர் வாயில் ஏறிவிட்ட பெயர்களை யாரால் இறக்க முடியும்? ஜெருசலேம் ஜெருசலேமாகவே நின்றுவிட்டது.

பெயர் விஷயத்தில் எழுதியவனுடைய ஆசை என்ன? பல்கேரியத் தலைநகர் சோபியாவில் தன்னை 'டார்க் அவெஞ்சர்' என்று அழைத்துக்கொண்ட ஒருவன் இருந்தான். 1989-ல் அவன் விட்ட 1800 பைட் வைரஸ் மகா பாதகமானது. தகடு முழுவதையும் ஒரேயடியாக அழிக்காது. தொற்றிய புரோகிராம் பதினாறு தடவை ஓடினால் எங்கோ ஓர் இடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் கெடுக்கும். கெட்டது தெரிய வரும்போது, பத்திரமாக எடுத்துவைத்த நகல்களும் கெட்டிருக்கும். மனிதனின் நம்பிக்கையை அரிக்கும் வேலை இது. உள்ளே தன் புனைபெயரையும், சோபியா நகரில் எழுதப்பட்டது என்பதையும் கையெழுத்து மாதிரி போட்டிருந்தான். அதே வைரஸில் 'எட்டி' என்று ஒரு பெயரும் வந்ததால் சிலர் எட்டி என்றே அழைத்தார்கள். அவன் ஆசைப்பட்ட பெயரைச் சொல்லி ஏன் அவனுக்கு மாலை போட வேண்டும் என்ற கட்சி ஒன்று வைத்தியர்களிடையே இருந்தது. அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. அவன் வேறொரு வைரஸில் இதற்குப் பதில் சொன்னான். தன்னைப் பின்தொடர்ந்து வந்த போன்ச்செவின் பெயரையே, அதை எழுதியவர் அவர்தான் என்பது போலப் பதித்துவிட்டான். போன்ச்செவ் எழுதிய புரோகிராமை ஓட்டினால் அவர் பெயரை மோப்பம் பிடித்து யந்திரத்தை ஸ்தம்பிக்க வைக்கும்படியும் செய்தான். உயிரோடிருப்பவர் பெயரை வைக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

இனி நம் மைக்கேல் ஏஞ்சலோ.

1991 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் ரோஜர் ரியார்டன் என்ற வைத்தியர் ஒரு புது வைரஸைப் பிரித்துப் பார்த்தார். நியூசிலாந்து ஸ்டோன்டின் சாயலில் எழுதப்பட்டது. மற்ற நாளெல்லாம் சாதுவாகப் பரவிக்கொண்டிருக்கும். மார்ச் 6-ம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால் தகட்டின் ஆரம்பப் பகுதிகளின் மேல் குப்பையை எழுதித் தள்ளிவிடும். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ ஒன்றும் உள்ளே இல்லை. படம் இல்லை, பாட்டு இல்லை. தேதி ஒன்றுதான் இருந்தது. மார்ச் 6 யாருடைய நாள்? 1475-ம் வருஷம் அதே தேதியில் இத்தாலியில் மைக்கேல் ஏஞ்சலோ பிறந்தார். அந்தப் பெயரையே வைத்துவிட்டார் ரியார்டன். எழுதியவனுக்கு அந்த மகா சிற்பியைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு வைரஸில் ஒரு சாட்சியும் கிடையாது. அவனுடைய காதலியின் பிறந்த நாளாக இருக்கலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாளாக இருக்கலாம்.

ஆனால் அந்தப் பெயர் செய்த வேலையை வைரஸ் செய்யவில்லை. 1992 தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளும் டெலிவிஷனும் அதைப் பிடித்துக்கொண்டன. 'ஸ்டோன்டின் ஒரு கிளை' என்று சொல்லியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? மைக்கேல் ஏஞ்சலோ என்றதும் ஒரு மகானின் பிரேதம் எழுந்து வருவது போல இருந்தது. மருந்து விற்பவரான ஜான் மெக்காபி, ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள் வரையில் பாதிக்கப்படலாம் என்று சொன்னதாகச் செய்தி பரவியது. ஜனங்கள் கடைகளில் முண்டியடித்து மருந்து வாங்கினார்கள். கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒரு நாள் முன்னால் தள்ளி வையுங்கள், 6-ம் தேதியே வராமல் 7-ம் தேதிக்குப் போய்விடலாம் என்று யோசனை சொன்னார்கள். ராகு காலத்தில் வாசல்படி தாண்டாமல் உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் மெச்சியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. உலகம் முழுவதும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவை பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை இருக்கலாம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். முன்னால் மருந்து போட்டதால்தான் குறைந்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். பூச்சாண்டி காட்டினார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பின்னால் ஒழுங்கு பார்ப்பவர்கள் அதை ஸ்டோன்ட் குடும்பத்தில் சேர்த்து 'மார்ச் 6' என்று அடக்கமாக எழுதிப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் அந்தப் பெயர் ஏறவே இல்லை.

இதையெல்லாம் படித்து முடித்த இரவு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பரணிலிருந்து 1998-ம் வருஷத்து டயரியை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். என் மூன்று அத்தியாயங்கள் போன நாள் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு 7. அம்மன் கோயில் கூழுக்குப் போய்விட்டு அந்தக் கடைக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். மைக்கேல் ஏஞ்சலோ விழித்துக்கொள்ளும் நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்று, மார்ச் 6. கடைக்காரரின் கம்ப்யூட்டர்க் கடிகாரம் ஐந்து மாதம் பின்தங்கி ஓடியிருந்தால் ஒழிய, அவன் இதில் நிரபராதி. அந்தப் பையன் பாவம், தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறான்.

இருபது வருஷத்துக்கு மேலாக மேடைகளில் அந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறேன். முன்னுரையிலும் நான்கு பதிப்புகள் அச்சாகிவிட்டது. அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதினேன். திருத்திவிடலாம், அங்கே என்ன பெயர் போடுவது என்று கேட்டு அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.